காற்று நிற்கும் நேரம்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வரும் பேருந்தில் வெளியூர்க்காரர் யாராவது இருந்தால், பணகுடி தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி என்று கண்ணுக்கு எட்டிய தூரம்வரை காற்றாலைகள். மலைக்கும் சாலைக்கும் நடுவே வயல் போட்டதுபோல வரிசை வரிசையாக நிற்கும். அவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "இவ்வளவு இருக்கும்போது உங்க ஊர்ல கரண்டுக்கு என்ன பஞ்சம்?"

பஞ்சம் உண்டு. அது எப்படி என்று சொல்லக் கொஞ்சம் நேரம் ஆகும்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடிகிற இடத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே போகிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி பேருந்து நிறுத்தத்தில் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். நாஞ்சில் நாட்டு வயலுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ. காற்றுக்குப் பெரிய அறுவடை ஒன்றுதான். வைகாசியில் தொடங்கி புரட்டாசியில் முடிந்துவிடும். ஐப்பசியில் அதே வழியில் வந்தால் முக்கால்வாசிச் சிறகுகள் அசையாமல் நிற்கும். தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். நல்ல காற்றுள்ள நாளில் 5000 மெகாவாட்டைத் தாண்டிக் கொடுக்கும். காற்று விழுந்தால் அதே இயந்திரங்கள் சில நூறு மெகாவாட்டுக்குச் சுருங்கிவிடும். அந்த நேரத்திலும் நம் வீட்டு மின்விசிறி சுற்றத்தான் செய்கிறது. அதைச் சுற்றவைப்பது யார்?

எங்கள் மாவட்டத்துக்குச் சொந்தமான மற்றொரு மின்சாரம் கோதையாறு. 1970களின் தொடக்கத்திலிருந்து ஓடும் இரண்டு நீர்மின் நிலையங்கள், 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டுமாக. மாவட்ட எல்லையைத் தாண்டினால் கூடங்குளம், தலா 1000 மெகாவாட்டில் இரண்டு அணு உலைகள். காற்று, தண்ணீர், அணு என்று மூன்றும் எங்களைச் சுற்றி இருக்கின்றன. எரிவாயு மட்டும் கிடையாது. ஆனால் எங்கள் குடும்பத்தில் மின்சாரம் என்ற பேச்சு வந்தாலே எரிவாயுதான் முதலில் வரும். என் அக்காளைக் கட்டிய அத்தான் மின்வாரியத்தில் பொறியாளர். வேலையின் பிற்பகுதியில் ஒன்பது ஆண்டுகள் அவர் இருந்தது ராமநாதபுரம் மாவட்டம் வழுதூரில், எரிவாயு மின் நிலையத்தில்.

*

தண்ணீர் ஓடும் ஊரில் பிறந்தவனுக்கு ராமநாதபுரம் முதலில் கண்ணைக் கூசவைக்கும். நான் முதல்முறை போனது ஒரு பங்குனி மாதம். தூத்துக்குடி தாண்டிச் சாயல்குடி வழியாகப் போகிற பாதையில் சீமைக்கருவேலம், பனை, உப்புப் பூத்த தரை, மறுபடியும் சீமைக்கருவேலம். அத்தான் ராமநாதபுரம் டவுனில் வாடகைக்கு வீடு எடுத்திருந்தார். மறுநாள் பைக்கில் ராமேஸ்வரம் போகும் பக்கமாகக் கூட்டிப்போனார். தூரத்திலேயே புகைபோக்கி தெரிந்தது, புகை தெரியவில்லை. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மூடிக்கிடக்கும் ஆலை என்றுதான் தோன்றும். கிட்டே போனால்தான் சத்தம். காதால் கேட்பதைவிட நெஞ்செலும்பில் உணர்வது அதிகம்.

"இதுதானா அத்தான்? ரொம்பச் சின்னதா இருக்கு."

"சின்னதுதான் மாப்ளே. சின்னதுன்னா வேலை குறைச்சலுன்னு நெனைக்காத."

இரண்டு அலகுகள். முதலாவது 95 மெகாவாட், 2003-இல் ஓடத் தொடங்கியது. இரண்டாவது 92.2 மெகாவாட், ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வந்தது. மொத்தம் 187.2. இதன் உறவுக்காரர்கள் காவிரிப் படுகையில் இருக்கிறார்கள்: திருமாக்கோட்டை பக்கத்தில் கோவில்களப்பால், 107.88 மெகாவாட், மயிலாடுதுறை பக்கத்தில் குத்தாலம், 101 மெகாவாட். (எங்கள் பக்கத்து ஆட்கள் இதைக் குற்றாலம் என்று நினைத்து, அருவிக்குப் பக்கத்தில் எதற்கு எரிவாயு என்று கேட்பார்கள்.) சென்னையில் பேசின் பிரிட்ஜ், நாப்தாவில் ஓடுவது, தலா 30 மெகாவாட்டில் நான்கு. எல்லாவற்றையும் கூட்டினால் தமிழ்நாடு மின்வாரியத்தின் எரிவாயுத் திறன் 516 மெகாவாட். கூடங்குளத்தின் ஒரு உலையில் பாதி.

இவ்வளவு சிறியதை ஏன் கட்டினார்கள்? அதுவும் இந்த உப்புத்தரையில்?

வாயு அங்கே இருந்தது என்பதுதான் விடை. ராமநாதபுரம் கடற்கரையை ஒட்டி ஓஎன்ஜிசி தோண்டிய கிணறுகளில் இயற்கை எரிவாயு கிடைத்தது. பம்பாய்க் கடலிலோ கிருஷ்ணா கோதாவரிப் படுகையிலோ கிடைத்ததுபோல ஏராளமாக இல்லை. ஆனால் விட்டுவிடக்கூடிய அளவும் இல்லை. நிலக்கரியை ரயிலில் ஏற்றலாம், டீசலை லாரியில் ஏற்றலாம். எரிவாயு குழாயில்தான் நடக்கும். நாட்டின் பெரிய குழாய் வலை அன்று ராமநாதபுரத்துக்கு வந்திருக்கவில்லை. கிணறுகளைச் சுற்றிச் சில கிலோமீட்டர்க் குழாய் மட்டும் தனித் தீவாகக் கிடந்தது. அந்த வாயுவுக்கு மூன்று வழிகள்தான்: மண்ணுக்கடியில் விட்டுவைப்பது, எண்ணெய் எடுக்கும் இடங்களில் செய்வதுபோலக் கொளுத்திவிடுவது, அல்லது அங்கேயே மின்சாரமாக மாற்றிக் கம்பியில் ஏற்றிவிடுவது. வாயு நடக்காது, மின்சாரம் நடக்கும்.

அத்தான் இதை ஒரே வரியில் சொல்வார். "வழுதூரு ஒரு பஸ் ஸ்டாண்டாக்கும். வாயு அங்க எறங்கி வேற வண்டி ஏறுது."

*

எரிவாயு மின் நிலையத்தின் உள்ளே நடப்பது தத்துவத்தில் எளிது. காற்றை உள்ளிழுத்து அழுத்துகிறார்கள். அழுத்திய காற்றில் வாயுவைச் சேர்த்து எரிக்கிறார்கள். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடான அந்தக் காற்று பீறிட்டு வெளியேறும்போது சுழலியின் இதழ்களைத் தள்ளுகிறது. விமானத்து எஞ்சினும் இதேதான். விமானம் அந்த வேகத்தை முன்னால் பாயப் பயன்படுத்துகிறது, இது ஜெனரேட்டரைச் சுற்றப் பயன்படுத்துகிறது.

சுழலியை விட்டு வெளியே வரும் காற்றே 500 டிகிரிக்கு மேல் இருக்கும். அதைப் புகைபோக்கியில் விட்டால் எரித்த வாயுவில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக மாறியிருக்கும். வழுதூரில் அப்படி விடுவதில்லை. அந்தச் சூட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நீராவியால் இரண்டாவது சுழலியைச் சுற்றுகிறார்கள். முதல் அலகின் 95 மெகாவாட்டில் 60 நேரடித் தீயில் வருவது, 35 எஞ்சிய சூட்டில் வருவது. எங்கள் வீட்டில் அம்மா சோறு வடித்து இறக்கிய பிறகு கனலில் மரச்சீனிக்கிழங்கைப் புதைத்து வைப்பாள். தனியாக விறகு கிடையாது. சாயங்காலம் எடுத்தால் வெந்திருக்கும். அக்கா முதல்முறை அந்த இரண்டாவது சுழலியைப் பற்றிக் கேட்டுவிட்டு, "மரச்சீனி சுடுகதுக்கா இவ்வளவு படிச்சிய?" என்றாள். அத்தான் அதை வேலையிடத்தில் போய்ச் சொல்லி, கொஞ்ச நாள் அங்கே அந்தச் சுழலிக்குப் பெயரே மரச்சீனி என்று இருந்ததாம்.

இந்த வகை இயந்திரம் உலகில் முதன்முதலாக ஊருக்கு மின்சாரம் கொடுக்க வந்தது 1939-இல், சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரில். பிரவுன் பொவேரி நிறுவனம் செய்தது, எண்ணெயில் ஓடியது. சுழலி உற்பத்தி செய்தது 15,400 கிலோவாட். அதில் 11,400 கிலோவாட்டைக் காற்றை அழுத்தும் பகுதியே தின்றுவிட்டது. மிச்சம் 4000 கிலோவாட். சிக்கனம் தெரிந்த யாரும் வாங்கமாட்டார்கள். அந்த நகராட்சி ஏன் வாங்கியது? தினமும் ஓட்டுவதற்காக அல்ல. போர் மேகம் சூழ்ந்த நேரம். மற்ற மின்சாரம் நின்றுபோனால் உடனே எழுப்ப ஒன்று வேண்டும் என்று பூமிக்கடியில் பாதுகாப்பான அறை கட்டி அதில் வைத்தார்கள். வருடத்தின் பெரும்பகுதி சும்மா இருக்கத்தான் அது பிறந்தது. அப்படியே 2002 வரை இருந்தது.

அமெரிக்கா இந்தப் பாடத்தைக் கற்க 1965 நவம்பர் 9 வரை ஆனது. அன்று மாலை நியூயார்க் உட்பட வடகிழக்கு மாநிலங்களில் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் இருட்டில் மாட்டிக்கொண்டார்கள். பெரிய அனல் நிலையங்களில் பல, தம்மை மறுபடி எழுப்பிக்கொள்ளத் தேவையான மின்சாரமே இல்லாமல் நின்றன. நிலக்கரி அரைக்கும் எந்திரத்துக்கும் தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் வெளியிலிருந்து கரண்டு வரவேண்டும். அந்த இரவுக்குப் பிறகுதான் அங்குள்ள மின் நிறுவனங்கள் சின்னச் சின்ன எரிவாயுச் சுழலிகளை வாங்கி வைக்கத் தொடங்கின. ஒரு டீசல் எஞ்சின் இருந்தால் சுழலியை எழுப்பிவிடலாம். எழுந்த சுழலி பெரியவர்களை எழுப்பும்.

*

சுசீந்திரத்தில் மார்கழித் தேர் ஓடும்போது பார்த்தவர்களுக்கு நாட்டின் மின்கட்டமைப்பை விளங்கவைப்பது சுலபம். வடத்தைப் பிடித்து ஆயிரக்கணக்கான பேர் இழுப்பார்கள். எல்லோரும் ஒரே தாளத்தில் இழுக்கவேண்டும். ஒரு பக்கம் கை விட்டால் மறுபக்கம் உடனே பாரம் ஏறும். ஒரு பக்கம் வேகமாக இழுத்தால் தேர் கோணும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட நாலைந்து பேர் கூடவே நடப்பார்கள். பார்க்கிற கூட்டத்துக்கு அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. ஆனால் தேர் தெருமுனை திரும்புவதும், வீட்டுத் திண்ணையை இடிக்காமல் நிற்பதும் அவர்கள் கையில்.

மின்சாரத்தில் அந்தத் தாளத்துக்கு எண் 50. நொடிக்கு 50 சுற்று. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்ததிலிருந்து காஷ்மீரில் ஓடும் சுழலியும் கோதையாற்றில் ஓடும் சுழலியும் ஒரே தாளத்தில்தான் சுற்றுகின்றன. அதற்கு முன்னால் தெற்கு தனித் தேராக ஓடியது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கும் கிழக்கும் விழுந்து அறுபது கோடிக்கும் மேலான மக்கள் இருட்டில் கிடந்தபோது நம் பக்கம் விழாமல் இருந்தது அதனால்தான். இன்று எல்லோரும் ஒரே வடத்தைப் பிடித்திருக்கிறோம். 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் தாளத்தை வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் இடம் இன்றும் மிகக் குறைவு. நான் இப்போது ஒரு சுவிட்சைத் தட்டினால் அதற்கான மின்சாரத்தை எங்கோ ஒரு சுழலி இந்த நொடியில் செய்யவேண்டும். நிலக்கரி நிலையத்தைக் குளிர்ந்த நிலையிலிருந்து எழுப்ப அரை நாள் ஆகும். அணு உலை இன்னும் மெதுவானது. எரிவாயுச் சுழலியை அரைமணிக்குள் எழுப்பலாம்.

ஆனால் வழுதூர் இப்படி எழுந்து படுக்கும் வகை இல்லை. அதை அத்தான் பலமுறை அழுத்திச் சொல்லியிருக்கிறார். கிணற்றிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்கும். ராத்திரி வேண்டாம், காலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று அதைக் குடத்தில் பிடித்து வைக்க முடியாது. எனவே இரவும் பகலும் ஒரே சீராக ஓடுவதுதான் அதன் வேலை. முடிந்த அளவு கொஞ்சம் ஏற்றும், கொஞ்சம் இறக்கும். பேசின் பிரிட்ஜ் மாதிரி நிலையம் வேறு வகை. நாப்தா விலை அதிகம் என்பதால் பெரும்பாலும் சும்மா நிற்கும், நெருக்கடியில் எழும். ஒன்று விடாமல் உழைப்பது, மற்றொன்று காத்திருப்பது. இரண்டுக்கும் பொதுவானது, அவை இருக்கும் இடமும் வரும் நேரமும். மின்கம்பியின் கடைசி முனையில் வோல்டேஜ் இறங்கிப்போகும். அந்தக் கடைசி முனைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நிலையம் இருந்தால் அங்கே விளக்கு மங்காது. ராமேஸ்வரத் தீவை ஒட்டிய வறண்ட மாவட்டம் அப்படிப்பட்ட முனை.

அத்தான் பொங்கலுக்கு ஊருக்கு வந்ததாக எனக்கு அதிகம் நினைவில்லை. அக்கா முதலில் சண்டை போட்டாள், பிறகு பழகிவிட்டாள். ஒருமுறை போனில் நான் கேட்டேன், பொங்கலுக்குக்கூடவா லீவு கிடையாது என்று.

"பொங்கலுக்குத்தான் வேலை. ஊரு உலகமெல்லாம் மில்லை அடைச்சிட்டுப் பொங்கல் விடுது. லோடு மளமளன்னு எறங்கும். சென்னையில இருந்து போனு, கொறைங்க கொறைங்கன்னு. சாயங்காலம் எல்லாவனும் டீவி போட்டா ஏறும். அப்பம் பேனலுக்கு முன்ன ஆளு வேண்டாமா?"

ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்று வேகமெடுத்தால் அதுவும் அவருக்கு ஒரு போன் அழைப்பாகத்தான் வந்து சேருமாம். "காத்து ஏறுது, கொஞ்சம் எறங்க முடியுமா?" சொந்த ஊரில் காற்று வீசுகிறது என்பதை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மீட்டர் முள்ளில் தெரிந்துகொள்ளும் மனிதர்.

*

உற்பத்தி ஒன்று, வந்து சேர்வது வேறொன்று. அதை எங்கள் மாவட்டத்துக்குக் கற்றுக்கொடுத்தது ஒக்கி. 2017 நவம்பர் 30. காலையில் தொடங்கிய காற்று நிற்கும்போது ரப்பர்த் தோட்டங்கள் படுத்துக்கிடந்தன. வாழை ஒன்றும் மிச்சமில்லை. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை. அந்த ஊர்களின் முன்னால் எங்கள் இருட்டைத் துக்கம் என்று சொல்லக்கூடாது. ஆனாலும் இருட்டு இருட்டுதான்.

எங்கள் வீடு பூதப்பாண்டி பக்கம். எட்டு நாள் மின்சாரம் இல்லை. கூடங்குளமும் வழுதூரும் எவ்வளவு உற்பத்தி செய்தாலும் எங்கள் தெருவுக்கு வர ஒரு கம்பி நிற்கவில்லை. கிணறும் கயிறும் உள்ள வீட்டின் முன்னால் குடங்கள் வரிசை நின்றன. அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. மழைக்காலத்தில் இழுப்பு வரும். நெபுலைசர் வைக்காமல் இரவு தூங்க முடியாது. முதல் இரவு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியவைத்தாள். ஒவ்வொரு மூச்சும் விசில்போலக் கேட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்றால் சாலையில் மரங்கள்.

மறுநாள் அத்தான் வந்தார். விடுப்பில் நாகர்கோவிலில் இருந்தவர், பாதி தூரம் நடந்து, பாதி தூரம் யாருடைய பைக்கிலோ. வந்ததும் அம்மாவைப் பார்த்தார். எதுவும் பேசாமல் வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்து, கல்யாண வீடுகளுக்கு மைக்செட் போடும் ஒருவரிடமிருந்து சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். முற்றத்தில் வைத்துக் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் எழுந்தது.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம். அதற்குமேல் ஓட்டமாட்டார். பெட்ரோல் கிடைப்பது நிச்சயமில்லை. அந்த இருபது நிமிடத்தில் அம்மாவுக்கு நெபுலைசர், தெருவில் உள்ளவர்களின் செல்போன்களுக்குச் சார்ஜ். யார் முதலில், எத்தனை போன் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்தார். கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் செருகவிடுவார். ஃபிரிட்ஜைச் செருகட்டுமா என்று வந்தவரைத் திருப்பி அனுப்பினார்.

அன்று இரவு அம்மா படுத்துத் தூங்கினாள். முற்றத்தில் பெட்ரோல் வாடை. அத்தான் அந்தப் பெட்டியைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார். "ஒரு கிலோவாட்டுதான். ஆனா இந்த எட்டு நாளைக்கு நம்ம தெருவுக்கு இது கூடங்குளத்தைவிடப் பெரிசாக்கும்."

*

2020 ஏப்ரல் 5, இரவு ஒன்பது மணி. கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்து அகல் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். அக்கா வாசலில் குத்துவிளக்கு வைத்தாள். தெருவே அழகாக இருந்தது. அத்தான் மட்டும் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மின்சுமை மையத்தின் இணையதளத்தில் நாட்டின் அலைவெண் உடனுக்குடன் தெரியும். நான் அகல் ஏற்றக் கூப்பிடப் போனவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

8:45-க்கு நாட்டின் மின்தேவை ஏறத்தாழ 1,17,000 மெகாவாட். 9:10-க்கு 86,000-க்கும் கீழே. 31,000 மெகாவாட் பாரம் இருபத்தைந்து நிமிடத்தில் தேரை விட்டு இறங்கியது. பிறகு அதே வேகத்தில் திரும்ப ஏறியது. எல்லோரும் ஒரே நேரத்தில் கைவிட்டு, ஒரே நேரத்தில் திரும்பப் பிடிக்கும் வடம். பெரிய அனல் நிலையங்களை இந்த வேகத்தில் திருப்ப முடியாது. நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே ஓடவிட்டு, நேரம் வந்ததும் தண்ணீரை அடைத்தார்கள். இறக்கத்தில் பாதிக்கும் மேல் அவைதான் தாங்கின. மீதியை அனலும் எரிவாயுவும் காற்றும் பங்கிட்டன. அலைவெண் 50.26 வரை ஏறியது, 49.70 வரை இறங்கியது, திரும்பி 50-க்கு வந்தது. எங்கும் ஒன்றும் விழவில்லை.

வெளியே கைதட்டல் சத்தம் கேட்டது. யாரோ பட்டாசு வெடித்தார்கள். அத்தான் போனைக் கீழே வைத்துவிட்டு, "பயலுவ பிடிச்சிட்டானுவ" என்றார். குரல் கம்மியிருந்தது. பிறகு பழைய நண்பர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். அந்தக் கட்டுப்பாட்டு அறைகளில் இருந்தவர்களுக்கு அன்று யாரும் விளக்கு ஏற்றவில்லை. தெரியாத ஒன்றுக்கு எப்படி ஏற்றுவது?

*

என் மருமகன், அத்தானின் மகன், கோயம்புத்தூரில் சூரிய மின்சார நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறான். அப்பாவுக்கும் மகனுக்கும் இதில் ஒத்துவராது. போன வருடம் வந்தபோதும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தொடங்கிவிட்டது.

"அப்பா, உங்க ராமநாதபுரத்துலயே கமுதியில 648 மெகாவாட்டு சோலார் இருக்கு. 2016-ல கட்டினது. வாயு வேண்டாம், புகை வேண்டாம். உங்க வழுதூரு 187."

"ராத்திரி எட்டு மணிக்கு உன் கமுதி எத்தனைலே மக்கா?"

"பேட்டரி வருதுல்லா."

"வரட்டும். வேண்டாம்னு சொன்னனா? வாற வரைக்கும்?"

நான் நடுவில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழுதூர் முழுத்திறனில் ஒரு நாள் ஓடினால் 45 லட்சம் யூனிட். கமுதி நல்ல வெயில் நாளில் கொடுப்பது அதை ஒட்டித்தான் வரும். யூனிட் கணக்கில் இருவரும் சமம். நேரக் கணக்கில்தான் வித்தியாசம். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச தேவை 20,830 மெகாவாட். வழுதூர் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே மே 30-இல் நாட்டின் உச்ச தேவை 2,50,000 மெகாவாட். அதில் வழுதூர் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாட்டு மின்சாரத்தில் இதற்கு என்ன இடம் என்று சதவீதத்தில் கேட்டால் பதில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும்.

மருமகன் சொல்வதில் நியாயம் நிறைய உண்டு. இந்தியாவில் ஏறத்தாழ 25,000 மெகாவாட்டுக்கு எரிவாயு நிலையங்களைக் கட்டினோம். நாட்டின் மொத்த உற்பத்தியில் அவற்றின் பங்கு இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. 2009-இல் கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் வாயு வரத் தொடங்கியபோது அதை நம்பிக் கடன் வாங்கிக் கட்டியவை பல. இரண்டு மூன்று ஆண்டுகளில் வாயு குறைந்தது. கப்பலில் வரும் வாயுவின் விலையில் ஓட்டினால் மின்சாரத்தை வாங்க ஆளில்லை. கட்டப்பட்டு, துடைக்கப்பட்டு, சும்மா நிற்கின்றன. வங்கிப் பணம் துருப்பிடிக்கிறது. இன்னொன்று, எரிவாயுவும் பூமியைச் சூடாக்கும் எரிபொருள்தான். ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி விடும் கரியமில வாயுவில் பாதிக்கும் குறைவாக விடுகிறது என்பது உண்மை. பாதி விஷம் மருந்தாகிவிடாது என்று அவன் கேட்டால் நான் என்ன சொல்ல?

ஆனால் 2024 கோடையில் என்ன நடந்தது? வெயில் கொளுத்தியது. பகலைச் சூரியத் தகடுகள் தாங்கின. சூரியன் இறங்கிய பிறகும் ஏசிகள் ஓடின. மின்சாரச் சட்டம் 11-ஆம் பிரிவின் கீழ், மே 1 முதல் ஜூன் 30 வரை எரிவாயு நிலையங்கள் தயாராக இருக்க வேண்டும், கூப்பிட்டால் ஓடவேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. வருடம் முழுக்கச் செல்லாக்காசு என்று ஏசப்பட்டவர்களைத்தான் நெருக்கடியில் தேடினார்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான். மின்சாரத்தை யூனிட்டில் எண்ணி விலை கொடுக்கப் பழகிவிட்டோம். தயாராக இருப்பதற்கு விலை கொடுக்கப் பழகவில்லை. மின்கட்டண விவாதங்களில் நிலைக்கட்டணம் என்ற சொல் வரும்போதெல்லாம், ஓடாத எந்திரத்துக்கு எதற்குக் காசு என்று கோபம் வருகிறது. அதில் ஏமாற்றும் இருக்கலாம், கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் மைக்செட்காரரின் ஜெனரேட்டர் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் வருடக்கணக்கில் சும்மா கிடந்தது. எண்ணெய் போட்டு, பிளக் துடைத்து அவர் வைத்திருந்தார். அம்மா மூச்சு விட்டது அந்தச் சும்மா கிடந்த காலத்தின் தயவில்.

வழுதூரின் கதையும் மாறிக்கொண்டிருக்கிறது. 2021 பிப்ரவரியில் ராமநாதபுரம் - தூத்துக்குடி எரிவாயுக் குழாய், 143 கிலோமீட்டர், திறக்கப்பட்டது. நடக்கமாட்டாத வாயு நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அதைத் தூத்துக்குடியில் உரமாக மாற்றலாம், வேறு ஆலைகளும் கேட்கலாம். கிணறுகள் வயதாகித் தளரும்போது, மிச்சமிருப்பது யாருக்கு என்ற கேள்வி வரும். மின்சாரத்துக்கா, உரத்துக்கா, அடுப்புக்கா? மின்சாரம் செய்ய வெயில் உண்டு, காற்று உண்டு, மாற்று வழி வந்துகொண்டிருக்கிறது. எனவே இந்தச் சிறிய நிலையங்கள் என்றென்றைக்கும் இருக்கவேண்டும் என்று அத்தானே சொல்லமாட்டார். அவருக்கு உள்ள கவலை வேறு. "நிலையத்தை மூடலாம் மாப்ளே. அது செய்த வேலையை யாரு செய்வாண்ணு முதல்ல எழுதி வச்சிட்டு மூடணும்."

இந்த ஆவணியில் மருமகன் அழைத்தான். அவன் நிறுவனம் பேட்டரி நிலையம் ஒன்றுக்கு ஒப்பந்தப்புள்ளி போடுகிறதாம். அலைவெண் இறங்கினால் எத்தனை நொடியில் எவ்வளவு கொடுக்கவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்று அவனுக்குச் சில சந்தேகங்கள். என்னிடம் கேட்டு என்ன பயன்? போனை அத்தானிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டின் நடுவில் 50 என்று எழுதினார்.

"எழுதிக்கலே மக்கா. அவசரப்படாத. முதல்ல நீ 49.9-ஐத் தெரிஞ்சுக்கணும்..."

அக்கா இரண்டுமுறை சாப்பிடக் கூப்பிட்டாள். முக்கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் எழுந்தார்.